கோலில் நிற்க எங்கள் வீட்டு முறை

போன வாரம் சென்னையில் மோட்டார் சாமான் வாங்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயிலில் நின்றபடியே வந்தேன். எனக்கு முன்னால் மூன்று காலேஜ் பையன்கள். மூவருக்கும் ஒரே சிவப்பு பனியன். ஏதோ வெளிநாட்டு டீமாம். இவர்கள் பேசியதைக் கேட்டால் அந்த டீமே மீஞ்சூரில் இருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள்.

"புது மேனேஜர் வந்துட்டாருல்ல, இந்த லீவுக்குள்ள பாதி டீமைக் கழட்டி வுட்டுடுவாரு பாரு."

"கோல்கீப்பரைத்தான் மொதல்ல தூக்கணும் மச்சி. கெயவன் ஆயிட்டான்."

"பாவம்டா. அந்த ஆளு அங்கயே கெடந்து வளந்தவன்."

"பாவம் பாத்தா கப்பு வருமா?"

எனக்கு சுர்ரென்று ஏறியது. பேசியவனை ஓர் அறை விடலாம் போல இருந்தது. அவன் மேல் தப்பு ஒன்றும் இல்லை. அதற்குள் இன்னொருவன் ஒரு பாக்கெட்டைக் கிழித்து கோல்கீப்பர் கிளவுஸை வெளியே எடுத்தான். புது ரப்பர் வாசனை குப்பென்று அடித்தது. அறைய வேண்டும் என்ற எண்ணம் போய்விட்டது. நாற்பதைத் தாண்டிய மெக்கானிக் ரயிலில் நின்று கிளவுஸ் வாசனைக்கு அழுதால் நன்றாகவா இருக்கும்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாசனை முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது என் அண்ணன் ஏழுமலை கையில். பொன்னேரியில் வாங்கி வந்தான். பாக்கெட்டைப் பிரித்து, மாட்டிப் பார்த்து, கழற்றி, செத்துப்போன நைனாவின் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தான். விளக்கேற்றும்போதெல்லாம் கற்பூரத்தையும் மீறி ரப்பர்தான் மணக்கும். அண்ணி திட்டுவாள். "மாமனாருக்குப் படைக்கிற சாமானாய்யா இது? ஒரு வடை வெக்கக் கூடாதா?"

அந்த வருடம் கோலில் நிற்க எங்கள் வீட்டு முறை. கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் அதற்காகக் காத்திருந்தான்.

முறை என்றால் என்ன என்று சொல்லாமல் மேலே போனால் உங்களுக்குப் புரியாது. எங்கள் குப்பம் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவில் கிடக்கும் ஒரு மணல் திட்டு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடம் கொஞ்சம்தான். ஆளோ ஏகப்பட்டவர்கள். அடித்துக்கொண்டு சாகாமல் இருக்கப் பெரியவர்கள் முறை வைத்தார்கள். இன்று உன் வீடு வலை போடு, நாளைக்கு என் வீடு. அந்த இடத்துக்கும் பாடு என்றுதான் பெயர், அந்த முறைக்கும் பாடு என்றுதான் பெயர். கல்யாணமான ஆம்பளை ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு முறை. கெட்டிக்காரனுக்கும் ஒன்றுதான், சோம்பேறிக்கும் ஒன்றுதான். உன் நாளில் ஏரி கொடுத்தால் உனக்கு. கொடுக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு அடுத்த முறை வரை இரு.

இதைக் கொண்டுபோய்ப் பந்தாட்டத்துக்கும் வைத்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான் இருப்போம். சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். ஒரு வருடம் சென்டர் ஃபார்வர்ட் முறை வந்தவருக்கு வீசிங். பந்து வந்தால் காலால் நிறுத்திவிட்டு மூச்சு வாங்குவார். எதிர் டீம் பையன் மரியாதையாகப் பக்கத்தில் நின்று "மாமா, ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவான். வருடா வருடம் முதல் மேட்சிலேயே தோற்போம். தோற்ற டீமுக்குக் கொடுக்கிற ரஸ்னாவைக் குடித்துவிட்டு வருவோம். ஆனால் டீமில் இடம் கிடைக்கவில்லை என்று எங்கள் ஊரில் எவனும் எவனோடும் பேசாமல் இருந்ததில்லை. பக்கத்துக் குப்பத்தில் அண்ணன் தம்பியே வெட்டிக்கொள்ளப் போனார்கள்.

மேட்ச் எல்லாம் தடைக்காலத்தில்தான் நடக்கும். கோடையில் மீன் முட்டை வைக்கிறதென்று கடலுக்குப் போகக் கூடாது என்பார்கள். போட்டெல்லாம் கரையேறிவிடும். ஆம்பளைகளுக்கு வேலை இருக்காது. வேலை இல்லாத மீன்காரனைப்போல ஒரு தொல்லை வீட்டுக்கு வேறு கிடையாது. சாயங்காலம் ஆனால் எல்லாரும் கோயில் எதிரே கவிழ்த்துப் போட்ட போட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்து டீமைப் பற்றிப் பேசுவார்கள். வெயிலில் காய்ந்த ஃபைபர் வாசனையும் டீசல் வாசனையும் மூக்கில் ஏறும். எங்களுக்கு ஸ்டேடியம் அதுதான். கோல் போஸ்ட், ஏரியில் வலை கட்டுகிற கம்பு.

அதற்கு முந்தைய கோடையில் மானம் போகிற மாதிரி தோற்றிருந்தோம். எத்தனை கோல் என்று சொல்ல மாட்டேன். அதனால் கிராமத்தில் கூடிப் பேசி கருணாவை மேனேஜராகப் போட்டார்கள். கருணா வியாசர்பாடிக்காரன், எங்கள் ஊருக்கு மாப்பிள்ளை. சின்ன வயதில் சென்னையில் பெரிய பெரிய டீமில் ஆடி முட்டி போனவன். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தான். மாமனார் வீட்டோடு இருந்தாலும் வெளியூர்க்காரன் என்பதால் தலைக்கட்டு கிடையாது. அவனுக்கு ஏரியில் முறையும் கிடையாது. "தண்ணியதான் குடுக்க முடியாது, பந்தையாவது குடுப்போம்" என்று பெரியவர்கள் கொடுத்தார்கள்.

முதல் சாயங்காலமே போட்டின் மேல் ஏறி நின்று கேட்டான். "இன்னா மாமா இது, டீமா, ரேஷன் கடை க்யூவா?"

யாரோ சிரித்தார்கள். தேவராசு பெரிதாகச் சிரித்தார். ஊரிலேயே பெரிய போட்டு அவருடையது. அந்தக் கூட்டத்தில் அவர் உட்கார்ந்திருந்ததும் அதன் மேல்தான்.

"மாப்ள சொல்றது ஞாயம். இன்னும் எத்தினி வருசம்யா ஊரே சிரிப்பா சிரிக்கணும்? ஆடத் தெரிஞ்சவன் ஆடட்டும்."

அண்ணன் எழுந்தான். அவனுக்குக் கூட்டத்தில் பேச வராது. "இந்த வருசம் கோலு எங்க வூட்டு முறை. என் முறை முடியட்டும். அடுத்த வருசத்துலேர்ந்து இன்னா வேணா மாத்திக்குங்க."

கருணா கெட்டவன் இல்லை. இதை நான் எப்போதும் சொல்வேன். கீழே இறங்கி வந்து அண்ணன் தோளில் கை போட்டான். "ஏழுமல, நீ நல்ல ஆளு. ஆனா ஒசரமா வர்ற பந்துக்குக் கண்ணை மூடிக்கிற."

"மூடுவேன். மூடிக்கினே புடிப்பேன்."

ஊரே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. அவன் உண்மையைத்தான் சொல்லியிருந்தான். ஈரமணலில் நான் அடித்த பந்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்து பிடித்திருக்கிறான். எல்லாவற்றையும் இல்லை. சிலதை.

பவுனு அத்தை கூடையோடு ஓரமாக நின்றிருந்தாள். மீன் விற்கிறவள். புருஷன் போனபின் தலைக்கட்டு போய், முறையும் போனவள். "எனக்குத் தண்ணியிலயும் முறை இல்ல, பந்துலயும் இல்ல" என்றாள். "யாரு ஆடுனா இன்னா, ஒரு தபா ஜெயிச்சித் தொலைங்கடா. மார்க்கெட்டுல அவளுங்க வாயை என்னால அடைக்க முடில."  எங்கள் முறை அப்படி ஒன்றும் எல்லாரையும் சேர்த்துக்கொண்ட முறை இல்லைதான்.

முறையா, திறமையா என்று கை தூக்கச் சொன்னார்கள். நான் அண்ணனுக்காகத் தூக்கினேன். திரும்பிப் பார்த்தால் எங்களோடு சேர்ந்து தூக்கிய கைகள் கொஞ்சம்தான்.

அப்புறம் கருணா டீமைப் பிரித்துக் கட்டினான். பாதிப் பேரைக் கழற்றிவிட்டான். காட்டுப்பள்ளியில் வேலை செய்கிற பையன்களைக் கொண்டுவந்தான். கோலுக்கு ஆரம்பாக்கத்துப் பையன் ஒருவன். நெடுநெடு என்று கட்டுமரத்துத் துடுப்பு மாதிரி இருப்பான். அவர்களுக்கு ஷிஃப்ட் முடிகிற நேரம் பார்த்துத்தான் எங்கள் ஊரில் பிராக்டிஸ். போட்டு மேல் உட்கார்ந்தவர்கள் தினமும் பிரசங்கம் செய்தார்கள். "லெஃப்ட்டு வீக்கு." "மாப்ள மூளைக்காரன்யா." நேற்று வரைக்கும் லெஃப்ட் எது, ரைட் எது என்று தெரியாத வாய்கள்.

ஃபைனலுக்கு வந்துவிட்டோம். எங்கள் ஊர் ஃபைனலுக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. மேட்ச் ஆரம்பிக்கும்போதுதான் அந்த நெட்டைப் பையன் தன் கிளவுஸை வீட்டிலேயே விட்டு வந்தது கருணாவுக்குத் தெரிந்தது. கோலுக்குப் பின்னால் அண்ணன் நின்றிருந்தான். கிளவுஸ் அவன் இடுப்பில் செருகியிருந்தது. 

"ஏழுமல, கிளவுஸைக் குடேன். மேட்ச் முடிஞ்சதும் தந்துடறேன்."

"முறைய எடுத்துக்கின. எடுத்துக்க. இத்தத் தர மாட்டேன்."

அந்தப் பையன் வெறும் கையோடே நின்றான். கடைசியில் வந்த பெனால்டியையும் வெறும் கையாலேயே தட்டிவிட்டான். ஜெயித்தோம். ஊரே கத்தியது, நானும் கத்தினேன். பவுனு அத்தை கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினாள். கிளவுஸை இடுப்பில் செருகிக்கொண்டே அண்ணனும் கை தட்டினான். கப்பைத் தூக்கிய பதினோரு பேரில் எங்கள் ஊர்க்காரன் யார் யார் என்று அப்புறம்தான் எண்ணிப் பார்த்தோம். ஒரு கை விரல் தாண்டவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் போன வாரம் ரயிலில் பல்லைக் கடித்திருக்க மாட்டேன்.

மழை வந்து ஏரி நிரம்பியதும் பாடு பேச வழக்கம்போல் ஊர் கூடியது. அந்த வருடத்து முறையை அங்கேதான் முடிவு செய்வார்கள். தேவராசு எழுந்தார். குரல்கூட உயர்த்தவில்லை.

"பந்துல தெறமை இருக்கறவன் ஆடுனான், ஜெயிச்சோம். அல்லாரும்தான் கை தூக்குனீங்க. அப்போ தண்ணியில மட்டும் இன்னாத்துக்குய்யா ரேஷன் கடை க்யூ? நல்ல வலை, நல்ல மோட்டார் வெச்சிருக்கவன் போடட்டும். ஊருக்கு இத்தினி பணம்னு குடுத்துட்டுப் போறேன்."

  அவர் பேசியது ஊரே கோடையில் பேசிய பேச்சு.

கடைசியில் எழுந்தது கருணாதான். முகம் வெளுத்திருந்தது. "யோவ், அது வெளாட்டுய்யா! அது வேற, இது வேற! இது சோறுய்யா!"

தேவராசு திரும்பிப் பார்த்தார். "மாப்ள, உனக்குத் தலைக்கட்டு கெடையாது. குந்து."

உட்கார்ந்துவிட்டான். வேறென்ன செய்வான்? அது எங்கள் சட்டம். அவனைப் பேச விடாத அதே சட்டத்தைக் காப்பாற்றத்தான் அவன் எழுந்தான். அடுத்த கோடையில் டீமை விட்டுவிட்டு வியாசர்பாடிக்கே போய்ச் சேர்ந்தான்.

முறை ஒரே நாளில் உடையவில்லை. எங்கள் நாளில் தேவராசு வலை கிடக்கும். கேட்டால் "ஊருக்குக் குடுக்கறேன்ல" என்பார். கைகலப்பு ஆகும், பொன்னேரி கோர்ட்டுக்கு நடப்போம். இன்னொருவனும் பெரிய வலை வாங்குவான். அவனும் முறை பார்க்க மாட்டான். ஏரி கெட்டதற்குப் பந்துதான் காரணம் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. முகத்துவாரம் தூர்ந்துபோகிறது, தண்ணீர் மாறுகிறது, மீன் குறைகிறது. ஆனால் குறைந்ததைப் பங்கு போட எங்களிடம் ஒரு வழி இருந்தது. அதைத்தான் கை தூக்கித் தொலைத்தோம்.

அண்ணன் இப்போது காட்டுப்பள்ளிக்கு வேனில் போகிறான். அந்தக் காலத்தில் டீமில் ஆடிய, ஆடாத எல்லாரும் அந்த வேனில்தான். பந்தாடிய இடத்தில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. மீதியில் உட்கார்ந்து பசங்கள் செல்போனில் வெளிநாட்டு மேட்ச் பார்க்கிறார்கள். தடைக்காலத்தில் போட்டு மேல் ஏறி டீம் பேச ஆள் கிடையாது. பேச டீமும் கிடையாது.

அந்தக் கிளவுஸை அண்ணன் ஒரே ஒரு நாள்தான் போட்டான். பாடு இருக்கிற இடத்தில் ஒவ்வொரு வீடும் தன் பங்குக்குச் சில கம்புகள் நட்டிருக்கும். இனி நமக்கு அங்கே வேலை இல்லை, பிடுங்கிவந்தால் அடுப்புக்காவது ஆகும் என்று அண்ணி சொன்னாள். கம்பு முழுக்கச் சிப்பி ஒட்டியிருக்கும். வெறும் கையால் பிடித்தால் கிழித்துவிடும். நைனா போட்டோ பக்கத்திலிருந்து கிளவுஸை எடுத்துக்கொண்டு வந்தான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலைச் சேற்றில் ஊன்றி, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொரு கம்பாகப் பிடித்து இழுத்தான். ஒன்றும் தப்பவில்லை. நான் தோணியில் நின்று வாங்கி அடுக்கினேன். கரைக்கு வந்தபோது கிளவுஸ் நார் நாராகத் தொங்கியது.

கம்பு இருந்த வரைக்கும் தூரத்திலிருந்தே தெரியும், அதுதான் எங்கள் பாடு என்று. இப்போது எப்போதாவது அந்தப் பக்கம் தோணியில் போகும்போது அண்ணனைக் கேட்பேன். "இங்கதான்டா" என்று ஓர் இடத்தைக் காட்டுவான். அடுத்த தடவை போகும்போது வேறோர் இடத்தைக் காட்டுவான்.