ஆறு பவுண்டு நரம்பு

நாங்கள் அப்போது குடியிருந்த எடிசன் ஊரிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் அந்த ஏரி வரும். தண்ணீர் இருக்கிறதா, வற்றிவிட்டதா என்று முதல் பார்வையில் சந்தேகம் வரும், அவ்வளவு தெளிவு. அடியில் கிடக்கும் பாறைகளின் வெடிப்புகூடத் தெரியும். வாடகைப் படகில் நடுவுக்குப் போனால் மிதக்கிற உணர்வே இருக்காது. கைப்பிடிச் சுவர் கட்டாத மொட்டை மாடி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருக்கும். எனக்கு நீச்சல் தெரியாது. கலங்கல் தண்ணீரில் இதைச் சமாளித்துவிடலாம், இடுப்பளவுதான் என்று மனசுக்குப் பொய் சொல்லிக்கொள்ளலாம். இங்கே மனசு எட்டிப் பார்த்துவிட்டு, "பொய் சொல்லாதே" என்றது.

அப்படிப்பட்டவன் மூன்று கோடைகளாக அங்கே ஏன் போனேன் என்றால், அந்த மீனுக்காக. ஸ்மால்மவுத் பாஸ் என்பார்கள். வெண்கலச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துப் பாதியில் விட்ட நிறம். உடம்பில் குறுக்குப் பட்டைகள், சிவந்த கண். பாறையைப் பார்த்துக்கொண்டே இருப்போம். பாறையில் ஒரு துண்டு பிரிந்து நீந்திப் போகும். நாங்கள் சாப்பிட மாட்டோம். என் மனைவி சுத்த சைவம், கோயமுத்தூர்க்காரி. ஒரே ஒரு முறை அதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

முதல் கோடையில் நான் வாங்கிய தூண்டில் நரம்பு இருபது பவுண்டு எடை தாங்குவது, பளீர் மஞ்சள். இருபது எதற்கு என்றால், நான் வார இறுதி ட்ரிப்புக்கு ஒரு மாத மாத்திரை எடுத்துப்போகிற ஜாதி. மஞ்சள் எதற்கு என்றால், என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

"ஏனுங்க, மீன் புடிக்கப் போறீங்களா, லாரி இழுக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி. அப்புறம் நரம்பைத் தொட்டுப் பார்த்து, "தாலிக்கயிறு மாதிரியே இருக்குதே. முகூர்த்தம் எப்போ?"

துடுப்பு போடுவது அவள் வேலை. அவளுக்கு நீச்சல் தெரியும், எனக்கு லைஃப் ஜாக்கெட் போடத் தெரியும். அவள்தான் படகின் விளிம்பில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு கீழே நடப்பதை வர்ணித்தாள்.

"வருது... உங்க ரப்பர் புழுவ ஆசையாத்தான் பாக்குது. கிட்ட வந்துருச்சு. நின்னுருச்சு. இப்ப அந்தக் கயித்தப் பாக்குது. கயித்தோட வழியே மேல பாக்குது. மேல நீங்க இருக்கறீங்க. போயிருச்சுங்க."

அடுத்த கோடையில் பின்னல் நரம்புக்கு மாறினேன். அப்போது புதுசாக வந்திருந்த சரக்கு. நூல் மாதிரி மெலிசு, பலமோ யானை பலம். என் பயத்துக்குப் பரம திருப்தி. ஆனால் கரும்பச்சை நிறம் அந்தத் தண்ணீரில் வெள்ளைத் தாளில் பென்சில் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. போதாததற்கு, பாறை விளிம்பில் உரசினால் பிசிர் பிசிராகக் கிளம்பிப் பட்டென்று அறுந்தது. மீன்கள் வந்தன, பார்த்தன, போயின. எனக்கு அந்த ஏரியில் நல்ல அறிமுகம் ஏற்பட்டுவிட்டது.

மூன்றாவது கோடையில் டெக்சாஸில் வேலை கிடைத்தது. நாங்கள் போகிற பக்கத்து ஏரியெல்லாம் பால் குறைந்த டீ நிறம் என்றும், இந்த மீன் அங்கே இல்லை என்றும் அங்கிருந்த நண்பர் சொல்லிவிட்டார். கிளம்புவதற்கு முன் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. பிடித்தால் அன்றைக்கு, இல்லாவிட்டால் இல்லை.

கடையில் ஃப்ளோரோகார்பன் என்று ஒரு நரம்பு இருந்தது. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்று அட்டையில் போட்டிருந்தது. விளம்பரம்தானே என்று வீட்டுக்கு வந்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு பக்கம் சாதா நைலானையும் இன்னொரு பக்கம் இதையும் விட்டேன். நைலான் தெரிந்தது. இது தண்ணீரைத் தொட்ட இடத்தோடு முடிந்துபோயிருந்தது. விரலை விட்டுத் தடவினேன். இருந்தது. விரலை எடுத்தேன். இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பு சிலிர்த்தது. மனைவியைக் கூப்பிட்டேன். அவளும் விரலை விட்டாள், எடுத்தாள். மறுபடி விட்டாள்.

அடுத்த சண்டை பருமனில். நான் பத்து பவுண்டு என்றேன். என் பயம் இருபது என்றது. அவள், "மெலிசா இருந்தாத்தான் புழு இயல்பா ஆடும், ஆறு போதும்" என்றாள். நிரூபிக்க ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் வாங்கிய ஐந்து பவுண்டு துவரம்பருப்புப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, "கட்டித் தூக்குங்க. உங்க மீனு இதவிடப் பெருசா?" என்றாள்.

கட்டித் தூக்கினேன். முடிச்சு அறுந்தது. பொட்டலம் வெடித்து சமையலறை முழுக்கப் பருப்பு.

"பாத்தியா!" என்று நான் குதிக்கும்போதே அவள் அட்டையைப் படித்துவிட்டாள். முடிச்சை இறுக்குவதற்கு முன் ஈரப்படுத்த வேண்டுமாம்; இல்லாவிட்டால் உரசிச் சூடாகி நரம்பு பலமிழந்துவிடும். எச்சில் தொட்டு மெதுவாக இறுக்கி, மிச்சமிருந்த இன்னொரு பொட்டலத்தைத் தூக்கினேன். அந்தரத்தில் பருப்பு நின்றது. எதில் நிற்கிறது என்று கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காற்றே இல்லை. தூண்டிலை வீசிய பிறகு என் கைக்கும் புழுவுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அதுதான் பெரிய பீதி. கட்டியிருக்கிறேனா, கட்டவே இல்லையா? இரண்டு முறை சுருட்டி இழுத்துப் பார்த்துவிட்டேன்.

"ஆட்டாம இருங்க," என்று அவள் விளிம்பிலிருந்து கிசுகிசுத்தாள். "வருது. கிட்ட வந்துருச்சு... ஐயோ, நிக்கவே இல்லைங்க!"

தூண்டில் கோல் வளைந்தது. அடுத்த நொடி நான் செய்தது, பயந்தவன் செய்கிற காரியம்: நரம்பு சுற்றியிருந்த ரீலை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கைய எடுங்க! ஓடட்டும் விடுங்க!"

"அறுந்துடும்டீ!"

"புடிச்சாத்தான் அறும்! விடுங்கங்கறேன்!"

விட்டேன். ரீல் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியது. மீன் பாறை இடுக்குக்குள் பாய்ந்தது. கோல் வழியாக நரம்பு கல்லில் தேய்வது என் பல்லில் கூசியது. பின்னல் நரம்பு இந்த இடத்தில் போயிருக்கும். இது போகவில்லை. திடீரென்று மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே எழும்பி, முழு உடம்பும் வெளியே, வெயிலில் வெண்கலமாக ஒரு கணம் நின்று விழுந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று மனைவி இன்றுவரை கூட்டத்தில் நடித்துக் காட்டுகிறாள்.

கடைசியில் அது படகருகே வந்த விதத்தை எப்படிச் சொல்வது? நரம்பு தெரியவில்லை. யாரும் இழுக்காமல், தானாகவே யோசித்து முடிவெடுத்த மாதிரி, எங்களைப் பார்க்க வந்தது. கையை நனைத்து, கீழ்த்தாடையைப் பிடித்தேன். சில்லென்ற கனம். துவரம்பருப்புப் பொட்டலத்தில் பாதிதான் இருக்கும். சிவந்த கண் என்னை ஏற இறங்கப் பார்த்தது. மீனைத் தொடவே மாட்டேன் என்கிற என் மனைவி, ஒரு விரலை நீட்டி முதுகுச் செதிளில் வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள். "உசுரு துடிக்குதுங்க," என்றாள்.

முள்ளைக் கழற்றித் தண்ணீருக்குள் விட்டேன். உடனே ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. படகின் நிழலில் செவுள் அசைய நின்றது. பிறகு நிதானமாக இறங்க ஆரம்பித்தது. வேறு ஏரியாக இருந்தால் ஒரு கை ஆழத்தில் காணாமல் போயிருக்கும். இங்கே முழங்கை அளவாக, சாண் அளவாக, விரல் அளவாகச் சின்னதாகிக்கொண்டே போனது தெரிந்தது. அடியில் ஒரு பாறை மேல் போய் நின்று, பட்டைகளைக் கல்லோடு கலந்துகொண்டு, பாறையாகிவிட்டது.

"இன்னொருக்கா போடறீங்களா? நேரம் இருக்குது," என்றாள்.

"வேண்டாம்" என்று கோலை மடக்கி வைத்தேன். எது மீன், எது பாறை என்று இரண்டு பேரும் தேடிக்கொண்டே இருந்தோம், வெயில் சாய்ந்து தண்ணீர் கண்ணாடியாகி எங்கள் முகத்தைக் காட்டுகிற வரைக்கும்.

"வாய மூடுங்க, ஈ பூந்துரும்," என்றாள் அவள். அவள் வாயும் திறந்துதான் இருந்தது.