முகம் தெரியும் சுவர்

எங்கள் அப்பா கட்டிய பஜனை மண்டபத்தின் சுவரில் முகம் பார்க்கலாம். சும்மா சொல்லவில்லை. சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்த சுவர். நாமக்கல் பக்கம் எங்கள் ஊரில் கோயிலுக்குக்கூட அப்படி ஒரு சுவர் கிடையாது. பருத்திக்காடு நன்றாக விளைந்தால் பெருமாளுக்கு மண்டபம் என்று வேண்டிக்கொண்டு கட்டியது. அப்பா அந்தச் சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பார். பெற்ற பிள்ளை என்னைக்கூட அப்படித் தடவிக்கொடுத்ததில்லை.

முதல் புரட்டாசிச் சனிக்கிழமை பஜனை. எங்கள் பங்காளி வீட்டார் மட்டும் உள்ளே. ஊரில் மற்றவர்கள் வாசலுக்கு வெளியே. அதுதான் வழக்கம். பாடகர் வாயைத் திறந்தார். ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறியது. ஜால்ரா சத்தம் போகவே மாட்டேன் என்றது. பெருமாள் பெயர் எது, ஆர்மோனியம் எது என்று பிரிக்க முடியவில்லை. பாடகர் பாதியில் நிறுத்திவிட்டு, "நான் பாடறது எனக்கே வெளங்கலைங்க" என்றார்.

பங்காளிகள் வாய் சும்மா இருக்குமா? பெரியப்பா ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "கட்டுனவன் மனசுல கோளாறு இருந்தா சாமி பாட்டை ஏத்துக்காதுங்க."

அப்பா அன்று சாப்பிடவில்லை. மண்டபத்தை இடித்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

நான் அப்போது சேலத்தில் விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தேன். பொட்டைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களும் இதே பங்காளிகள்தான். ஒலியைப் பற்றிய பாடம் எனக்கு உயிர். கெட்டியான வழவழப்பான சுவர் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், மெத்தென்ற பொருள் விழுங்கிவிடும். புத்தகம்கூட வேண்டாம். எங்கள் பருத்தி அறை காலியாக இருக்கும்போது கூப்பிட்டால் குரல் திரும்பி வரும். பருத்தி நிறைந்திருந்தால் கத்தினாலும் சத்தம் அப்படியே அமுங்கிப்போகும். அதில் கத்தி விளையாடாத பிள்ளை எங்கள் வீட்டில் இல்லை.

மறுநாள் அப்பாவிடம் போய் நின்றேன். "கோளாறு உங்க மனசுல இல்லீங்கப்பா. செவுத்துல இருக்குது. ரொம்ப நல்லாத் தேச்சுப்போட்டீங்க."

பருத்தி மூட்டைகளை வண்டியில் ஏற்றிவந்து மண்டபம் முழுக்க அடுக்கச் சொன்னேன். அப்பா நடுவில் நின்று "கோவிந்தா" என்றார். ஒரே கோவிந்தா, திரும்பி வரவில்லை. இன்னொரு மூலைக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"மூட்டையை அடுக்கி வெச்சா ஆளுக எங்க உக்காருவாங்க, கண்ணு?"

"ஆளுகளே போதுமுங்கப்பா. ஒடம்பும் துணியும் சத்தத்தைக் குடிச்சுப்போடும். ஆனா மண்டபம் நெறையோணும், நம்ம பங்காளி ஊடுக மட்டும் பத்தாது. இல்லாட்டி ஊட்டுல கெடக்குற கம்பளியெல்லாம் செவுத்துல தொங்கவுட்டாலும் செரியாப்போயிருமுங்க."

அப்பா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை நான் கம்பளிகளை உதறி எடுத்து வைத்திருந்தேன். அப்பா அவற்றைத் தொடவே இல்லை. வாசலில் போய் நின்று, வெளியே நின்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் உள்ள வந்து உக்காருங்க" என்றார். எங்கள் காட்டில் வேலை செய்தவர்கள், சேரியிலிருந்து வந்தவர்கள், எல்லாரையும்தான். ஒருவரும் அசையவில்லை. அப்பா மறுபடியும் கூப்பிட்டார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் முதலில் படியேறினாள். பிறகு மண்டபம் நிறைந்தது.

உள்ளே பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "நீங்க எந்திரிச்சா பாட்டுக் கெட்டுப்போயிருமுங்கண்ணா, உக்காருங்க" என்றார் அப்பா. பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, உட்கார்ந்துவிட்டார். பாடகர் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லும் உதிர்த்த முத்தாக விழுந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு ஊர்க்கூட்டத்தில் அப்பாவை நிற்கவைத்து, எல்லாரையும் ஏன் உள்ளே விட்டாய் என்று கேட்டார்கள். அப்பா துளியும் அசராமல் சொன்னார். "எம் புள்ள படிச்ச சயின்ஸ் அப்பிடிச் சொல்லுதுங்க. ஆளு கொறஞ்சா பாட்டு வெளங்காது." சயின்ஸோடு சண்டை போட அங்கே யாருக்கும் தெரியவில்லை.

கம்பளியைத் தொங்கவிட்டாலே போதும் என்ற சேதியை அப்பா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.