ஆமு எந்தக் கரையைக் கடிக்கும்

சர்பினாஸ் கம்ப்யூட்டருக்குள் ஆற்றை ஓட விடுகிறவள். தண்ணீர் எந்த வேகத்தில் வந்தால் எந்த மணல் கிளம்பும், எங்கே போய்ப் படியும் என்று கணக்கிட்டு, கோடையில் பனி உருகி ஆமு நதி பெருகும்போது எந்தக் கரை இடியும் என்பதை வசந்தத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதுதான் வேலை. போன வருடம் சொன்னது பொய்த்தது. பத்திரம் என்று அவள் சொன்ன கரையில்தான், பக்கத்து வீட்டு ஜக்சிலிக்கின் முலாம்பழத் தோட்டம் பாதி ஆற்றோடு போனது.

இந்த வருடம் கரை காக்க ஊருக்குக் கிடைத்த கல் கொஞ்சம். அதைத் தன் தோட்டத்துக் கரையில் கொட்டச் சொன்னார் ஜக்சிலிக். ஊர்க் கூட்டத்தில் சர்பினாஸ் எழுந்தாள். பெரியவர்கள் முன் மருமகள்கள் குரல் உயர்த்தும் வழக்கமில்லை. அவள் பேச்சு முன்வரிசைக்கே எட்டவில்லை.

“சத்தமா சொல்லும்மா,” என்றார் மாமனார் பெக்முரத்.

“தோட்டத்துப் பக்கம் இந்தத் தடவை மணல் சேரும். பம்பு நிக்கிற எடத்தத்தான் ஆறு கடிக்கும். கல்ல அங்க போடுங்க. பம்பு போனா ஊர் வயல் மொத்தமும் காஞ்சிடும்.”

“போன வருஷமும் அந்தப் பொட்டி இப்படித்தான் அளந்துச்சு,” என்றார் ஜக்சிலிக். “பயறு எறிஞ்சு குறி பாத்தாக்கூட சரியா வந்திருக்கும்.”

“அப்ப புத்தகத்துல இருந்த மணலோட அளவப் போட்டேன், சித்தப்பா. நம்ம ஆத்து மணல் மாவு மாதிரி, லேசுல கெளம்பிடும். இப்ப நானே படகுல போய் அடிமணல அள்ளி, சலிச்சுப் பாத்துப் போட்டிருக்கேன். போன வருஷத் தண்ணிய அதுல ஓட விட்டுப் பாத்தேன். உங்க தோட்டம் போன மாதிரியே போச்சு.”

“ஒரு தடவ முழுகினது பத்தாதுன்னு பொட்டிக்குள்ள வேற முழுக வெச்சியா?”

கூடமே சிரித்தது. பெக்முரத் மட்டும் சிரிக்கவில்லை.

“கல்லு பம்புக்குப் போகட்டும். தப்பாப் போனா என் நெலத்துல பாதிய ஜக்சிலிக் எடுத்துக்கட்டும்.”

சர்பினாஸ் சொன்னதை மாற்றவில்லை. கல் பம்புக்கே போனது.

கோடையில் ஆமு பால்தேநீர் நிறத்தில் வந்து பம்புக் கரையில் முட்டியது. கல்லுக்கு அப்பால் நின்ற பாப்ளார் மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கல் அசையவில்லை. பம்பு ஓடிக்கொண்டே இருந்தது.

வெள்ளம் வடிந்ததும் தோட்டத்தின் கீழே புதுத் திட்டு ஒன்று முதுகு காட்டியது. திரையில் அவள் பார்த்த வளைவு, ஏறத்தாழ அப்படியே, வெயிலில் ஈரமாகக் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தாள். தான் கணக்கில் எழுதியதன் மீது நடக்க எத்தனை பேருக்கு வாய்க்கும்!

ஜக்சிலிக் கரையில் நின்று பார்த்தார்.

“ஏம்மா, இதுல அடுத்த வருஷம் முலாம்பழம் போடலாமா? திட்டு நிக்குமா?”

“மறுபடி மணல் அள்ளிப் பாத்துட்டுதான் சொல்லுவேன், சித்தப்பா.”

“எப்பப் போறேன்னு சொல்லு,” என்றார் அவர். “துடுப்பு நான் போடறேன்.”