நிச்சயதார்த்தத்துக்குப் போன கார் ஒரகடத்தில் ஒழுகிய கதை

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் பழைய காரில் போகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். 1991 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் போனோம், போய்ச் சேர்ந்தும் விட்டோம். நடுவில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கொழுந்தன் பாஸ்கருக்கு ஸ்ரீபெரும்புதூரில் பெண் பேசி, அன்றைக்கு நிச்சயம். அவனுக்கு முப்பத்து மூன்று வயது. அதற்கு முன்பு பேசிய சம்பந்தம், எங்கள் வீட்டார் ராகு காலத்தில் போய் இறங்கினார்கள் என்பதற்காகவே கைநழுவிப் போயிருந்தது. இந்தப் பெண்ணின் அப்பாவும் கறார் பேர்வழி. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் பேச்சே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பாஸ்கரோ போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து தரையில் நடக்கவில்லை. இதுவும் போய்விடுமோ என்று எனக்கு உள்ளூர உதறல்தான்.

சொந்தபந்தமெல்லாம் செங்கல்பட்டிலிருந்து வேனில் முன்னால் கிளம்பிவிட்டார்கள். சீர்த்தட்டுகள் மட்டும் எங்கள் காரில். வேனில் நசுங்கிவிடும் என்பது என் வீட்டுக்காரரின் கண்டுபிடிப்பு. கார், இருபது வயது அம்பாசடர். அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பதினொரு தட்டையும் பின்சீட்டில் அடுக்கி, ஓரத்தில் பாஸ்கரைச் செருகி, எட்டு மணிக்குப் புறப்பட்டோம். மொத்தமே முப்பத்தைந்து கிலோமீட்டர்தான்.

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நிற்கும்போதே எனக்குப் பெட்ரோல் வாடை அடித்தது. சொன்னேன். பக்கத்து லாரியிலிருந்து வருகிறது என்றார், ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். லாரிக்கு டீசல் அல்லவா என்றேன். கேட் திறந்ததும் கியரைப் போட்டுக் கிளப்பிவிட்டார்.

ஒரகடம் கூட்டு ரோட்டுக்குச் சற்று முன்னால், பால் கேன்களோடு மொபெட்டில் வந்த ஒருவர் ஹாரன் அடித்து அடித்து எங்களை நிறுத்தினார்.

“இன்னா சார், பாத்து வர மாட்டியா? கேட்லேர்ந்து ரோடு பூரா பெட்ரோலு ஊத்திகினே வர்ற.”

இறங்கிக் குனிந்து பார்த்தோம். டிக்கிக்கு அடியில் சொட்டு அல்ல, நூல் பிடித்தாற்போல ஒழுகிக்கொண்டிருந்தது. பெட்ரோல் முள் கால்வாசிக்கும் கீழே. மணி ஒன்பது. பங்க் என்றால் இனி ஸ்ரீபெரும்புதூரில்தான்.

என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் நுழைந்தார். சொட்டுகிற இடத்தில் ஒரு குழாய் இருந்ததால், குழாய்தான் ஓட்டை என்று தீர்ப்புச் சொல்லி, அரை மணி நேரம் அதற்கு டேப் சுற்றினார். சுற்றி முடித்த பிறகும் அது பாட்டுக்கு ஒழுகியது. வேடிக்கை பார்க்க வந்த ஒரு மகராசன் வாயில் பீடியோடு குனிய, நான் போட்ட சத்தத்தில் பீடி தானாக விழுந்தது. நல்லவேளை, வயல் பக்கம் விழுந்தது. அதற்கப்புறம் பால்காரர் காவலுக்கு நின்று, ஒருவரையும் கிட்டே விடவில்லை.

எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பும் இதே வேலையைத்தான் காட்டும். ஓட்டை ஓரிடத்தில் இருக்கும், சொட்டுவது வேறிடமாக இருக்கும். நான் அதைத் துடைத்துவிட்டுக் கோலமாவு தூவிப் பார்ப்பேன், ஈரம் தொடங்குகிற இடம் தெரிந்துவிடும். நடுரோட்டில் கோலமாவுக்கு எங்கே போவது? பெண்ணுக்கு வைத்த அலங்காரத் தட்டில் பவுடர் டப்பா இருந்தது. அதன் பக்கத்திலேயே சந்தன சோப்பும் இருந்தது. அடுப்பு ஓட்டையை நான் அடைப்பதும் சோப்பால்தான்.

“தட்டுல கை வைக்காத. பொண்ணு வூட்ல ஒண்ணொண்ணா எடுத்துப் பாப்பாங்க” என்றார் காருக்கு அடியிலிருந்து.

“தட்டு போய்ச் சேந்தாத்தானே பாப்பாங்க?” என்றேன்.

பாஸ்கரே டப்பாவைத் திருகித் திறந்து என்னிடம் நீட்டினான்.

டேங்கைத் துணியால் துடைத்துப் பவுடரை அப்பச் சொன்னேன். சொல்வது நான், செய்வது அவர். டப்பாவைத் திறந்தான பிறகு, அன்று ஒரு நாள்தான் மறுபேச்சில்லாமல் கேட்டார். குழாய்க்கு ஒரு முழம் தள்ளி, டேங்கின் மேல் தகடும் கீழ்த் தகடும் சேருகிற ஓரத்தில், வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு இறங்கியது. ஊசி நுழைகிற கீறல். அதில் சந்தன சோப்பை அழுத்தித் தேய்த்து, இன்னும் கொஞ்சத்தைப் பிசைந்து அப்பியதும் ஒழுக்கு நின்றது. மணி பத்தாகப் போகிறது. பால்காரருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பறந்தோம்.

பத்து இருபதுக்குப் பெண் வீட்டு வாசல். தட்டுகளை வரிசையாக வைத்தோம். பெண்ணின் அத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அலங்காரத் தட்டில் நின்றுவிட்டார். “பவுடரு பிரிச்சிக் கீது. சோப்பக் காணமே?”

பெண்ணின் அப்பா முகம் கறுத்தது. பாஸ்கர் என்னைப் பார்த்தான். மறைத்தால் வேலைக்காகாது என்று, கேட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெண்ணின் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்க் காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். என் வீட்டுக்காரரின் கறுத்த வேட்டியையும் ஒரு பார்வை பார்த்தார்.

“நேரத்துக்கு வந்துட்டாங்க இல்ல, மாத்துங்க தட்ட” என்றார். ராகு காலத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தட்டு மாறியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இப்போது அந்த வழியே போகிறவர்களுக்கு: பெட்ரோல் வாடை வந்தால் பக்கத்து வண்டியைக் குற்றம் சொல்லாமல் ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிடுங்கள். சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நிறுத்துங்கள், இன்றைக்கு அங்கே கண்டெய்னர் லாரிகள் காற்றாய்ப் பறக்கின்றன. அங்குள்ள தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறும் நேரத்தைத் தவிர்த்தால் உங்களுக்குப் புண்ணியம். சோப்பு, மெக்கானிக்கிடம் போகிற வரைக்கும்தான். எங்கள் மெக்கானிக் மறுநாள் டேங்கைக் கழற்றி, காலி செய்து, தண்ணீர் விட்டு அலசிய பிறகே கீறலைப் பற்றவைத்தார். அந்த விஷயத்தில் அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து.

அன்று சாப்பிட்டுக் கிளம்பும்போது, அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத கல்யாணப்பெண் வாசலுக்கு வந்தாள். அவர்கள் மாப்பிள்ளைக்கு வைத்த தட்டிலிருந்து எடுத்த சோப்பு கையில் இருந்தது. பாஸ்கர் நீட்டிய கையைத் தாண்டி அதை என்னிடம் கொடுத்தாள்.

“இத வச்சிக்கோங்கக்கா. வூடு போய்ச் சேர்ற வரிக்கும் அவருக்குக் குடுக்காதீங்க.”