ஆறு மாதக் கண்காணிப்பு

ருவான்வெல்லையில் எங்கள் பயிற்சி நடந்த மண்டபத்தின் நடுவே ஒரு கட்டில் போட்டிருந்தோம். ஹோட்டலில் இருப்பது போலவே மெத்தை, வெள்ளை விரிப்பு, இரண்டு தலையணை. விரிப்பின் மூலையைச் சாய்வாக மடித்து மெத்தைக்கடியில் செருகுவதுதான் முதல் வாரப் பாடம். வந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் இருபது வயதுக்காரர்கள். அந்த மூலை ஒருவருக்கும் சரியாக வரவில்லை. கடைசி வரிசையிலிருந்து, நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் எழுந்து வந்தார். ஈரமே இல்லாத கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒரே தடவையில் மடித்துச் செருகினார். மூலை கூர்மையாக நின்றது. "பால் வெட்டுற சாய்வுதானுங்களே மிஸ்," என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்டவரைப் போல. பக்கத்துத் தோட்டத்தில் பல வருடம் ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர் அவர். மரங்களுக்கு இலை நோய் வந்து, வேலை நாட்கள் குறைந்துபோனதால் எங்களிடம் வந்திருந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை மிஸ் என்றார்.

எனக்கு அது இரண்டாவது உத்தியோகம். எங்கள் திட்டம் முதலாளிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் திட்டம். தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்து, எட்டு வாரம் பழக்கி, ஹோட்டல்களிலும் தொழிற்சாலைகளிலும் கொண்டுபோய் விடுவோம். முதல் ஆறு மாதச் சம்பளத்தில் பாதியைத் திட்டமே கொடுக்கும். அந்த ஆறு மாதமும் மாதத்துக்கொரு தடவை நான் நேரில் போய்ப் பார்த்து, ஒரு படிவம் நிரப்பி, முதலாளியிடமும் வேலைக்கு வந்தவரிடமும் கையெழுத்து வாங்கி வர வேண்டும். இதையெல்லாம் எத்தனையோ முதலாளிமார் முன்னால் உட்கார்ந்து சிங்களத்தில் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இவங்க நிப்பாங்களா?"

அக்காவை எடுப்பதற்குக் கித்துல்கலையில் ஆற்றோரம் இருந்த ஒரு ஹோட்டலின் மெனேஜர் தயங்கினார். வயது கூடிவிட்டது என்றார். இளம் பிள்ளைகள் ஒரு வருடத்தில் வெளிநாட்டுக்குப் பறந்துவிடுவார்கள், இவர் நிற்பார் என்று வாதாடிச் சம்மதிக்க வைத்தேன். அது உண்மைதான். அக்காவுக்குப் போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை. கணவர் கொழும்பில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். ஒரே மகளை அக்கா நிவித்திகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவர் இருந்த அறையையும் கொழுந்தன் குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

முதல் மாதம் பார்க்கப் போனபோது, அக்கா பஸ் நிறுத்தத்துக்கே வந்து நின்றார். தலையில் எண்ணெய் வைத்து வாரி, ஹோட்டல் சீருடையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். தன் அறையைக் காட்டக் கூட்டிப் போனார். ஒரு கட்டில், ஒரு அலுமாரி, ஆற்றைப் பார்த்த ஜன்னல். கீழே ரப்பர் படகுகளில் வெள்ளைக்காரர்கள் கத்திக்கொண்டு போனார்கள். "உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குங்க மிஸ்," என்று கதவைச் சாத்தி, தாழிட்டு, திறந்து காட்டினார். மறுபடியும் ஒருமுறை தாழிட்டுக் காட்டினார். பிறகு ஒரு காகிதத்தில் பொதிந்து வைத்திருந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். அன்று படிவம் நிரப்பப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. நான் இரண்டு மணி நேரம் இருந்தேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேகாலையில் ஒரு வீட்டின் பின்புற அறையில் வாடகைக்கு இருந்தேன். அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். நல்ல மனிதர்கள்தான் எல்லோரும். ஆனால் காலையில் கதவைப் பூட்டிப் போய், மாலையில் திறக்கும்வரை என் பாஷையில் ஒரு சொல் வெளியே வந்திருக்காது. மாதத்தில் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தது அக்கா மட்டும்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் மாதம் போனபோது அக்கா மெலிந்திருந்தார். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "சாப்பாடு நல்ல சாப்பாடுங்க. பருப்பு, மீன், ஒண்ணும் குறையில்ல." சற்று நேரம் கழித்துத்தான் மிச்சம் வந்தது. வேலையாட்களின் சாப்பாட்டு அறையில் மற்றவர்கள், எல்லோரும் சிங்களவர்கள், ஒரு நீள மேசையில் சேர்ந்து உட்காருவார்களாம். இவர் தட்டோடு போனால் பேச்சு நின்றுவிடுமாம். அதனால் தான் வேலை செய்யும் துணி வெளுக்கும் இடத்துக்கே கொண்டுவந்து சாப்பிடுகிறாராம்.

"ஏதாவது சொன்னாங்களா, அக்கா?"

"யாரும் ஒண்ணும் சொல்றதில்லைங்க மிஸ். அதானே."

அக்காவின் சிங்களம் என்னுடையதைவிட நன்றாயிருக்கும். பேச ஆள்தான் இல்லை. நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் நின்றுவிட்டு, ராத்திரி தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, தோட்டத்து ஆட்களின் பெயர்களை லயத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாராம். "கொழுந்தன் பேரையுஞ் சேத்துத்தான்," என்று சிரித்தார்.

படிவத்தின் கடைசிக் கேள்வி, பணியிடத்தில் பிரச்சினைகள் ஏதும் உண்டா என்பது. எழுத நினைத்துப் பேனாவை எடுத்தேன். அன்று காலைதான் மெனேஜர், அக்காவின் வேலை பிடித்துப்போய், அடுத்த பயிற்சித் தொகுதியில் இன்னும் எட்டுப் பேரை எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். எட்டுப் பேர் என்றால் எங்கள் அலுவலகத்துக்குப் பெரிய விஷயம், அந்த எட்டு வீடுகளுக்கும் அப்படித்தான். இல்லை என்று எழுதினேன். படிவம் சிங்களத்தில் இருந்ததால், ஒவ்வொரு பதிலையும் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவது வழக்கம். "பிரச்சினை ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கேன்," என்றேன். அக்கா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

ஆறாம் மாதம் வேலை நிரந்தரமானது. மெனேஜர் எனக்குக் கை கொடுத்தார். அக்கா என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். "அடுத்த மாசமும் வருவீங்கதானே மிஸ்?" என்றார். கண்காணிப்பு அன்றோடு முடிந்துவிட்டது. "வர்றேங்க்கா," என்றேன். பஸ் ஏறும்போது அதை உண்மையாகவே நினைத்தேன்.

அடுத்த மாதம் புதிய தொகுதி தொடங்கியது. மண்டபம், சாப்பாட்டு ஏற்பாடு, வரவுப் பதிவு, கூட்டங்கள். அக்கா மூன்று தடவை எனக்குப் போன் எடுத்தார். ஒரு தடவை கூட்டத்தில் இருந்தேன், ஒரு தடவை பஸ்ஸில். மூன்றாவது தடவை கையில் போன் அடித்துக்கொண்டிருக்கப் பார்த்துக்கொண்டே நின்றேன். பேசினால் ஏன் வரவில்லை என்று கேட்பார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

பேசியபடி எட்டுப் பேரைக் கொண்டுபோய் விடத்தான் மறுபடி அந்த ஹோட்டலுக்குப் போனேன். வாசலில் செக்யூரிட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டார். உங்கள் அக்கா இரண்டு மாதம் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார், சீருடை போட்டுக்கொண்டு நின்றார் என்று சிங்களத்தில் சாதாரணமாகச் சொன்னார். மெனேஜர், அக்காவை வெளுப்புப் பகுதிக்குப் பொறுப்பாகப் போட்டிருப்பதாகச் சொல்லி, இவரைப் போல இன்னும் பத்துப் பேர் இருந்தாலும் எடுப்பேன் என்றார்.

பகல் சாப்பாட்டு நேரம். சாப்பாட்டு அறையை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீள மேசையில் வழக்கமானவர்கள் இருந்தார்கள். நான் கொண்டுவந்த எட்டுப் பேரும் தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். அக்கா தன் தட்டோடு உள்ளே வந்தார். எந்தப் பக்கமும் பார்க்காமல் நேரே போய் அந்த நீள மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பேச்சு நின்றது. "வாங்கம்மா, ஏன் நிக்கிறீங்க? வந்து ஒக்காந்து சாப்பிடுங்க," என்றார், ஜன்னலுக்கு வெளியே எனக்குக் கேட்கும் அளவுக்கு. தமிழில்தான் சொன்னார். ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். பிறகு பக்கத்திலிருந்த சிங்களப் பெண்ணிடம் பருப்புச் சட்டியை நகர்த்தச் சொன்னார். அவள் நகர்த்தினாள்.

சாப்பாடு முடிந்து துணி காயும் இடத்தில் அக்காவைப் பிடித்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனதைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையிலிருந்த விரிப்பை உதறிக் கொடியில் போட்டார்.

"பரவாயில்லைங்க மிஸ். ஒங்களுக்கு ஆறு மாசந்தானே," என்றார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது நான் கொழும்பில், அதே திட்டத்தின் தலைமை அலுவலகத்தில் இருக்கிறேன். கண்காணிக்கப் போவதில்லை. போய் வருகிறவர்கள் கொண்டுவரும் படிவங்களை வாசிக்கிறேன். எல்லாவற்றிலும் கடைசிக் கேள்விக்கு இல்லை என்றே இருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கித்துல்கலைக்கு பஸ் ஏறினேன். அக்கா ஈரக் கையோடு வாசலுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது.

"என்னங்க மிஸ், ஏதாச்சும் நெரப்பணுமா?"

"இல்லக்கா. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு."

வாசல் மரத்தடியில் நின்றோம். மகள் எப்படி என்று கேட்டேன், நல்லா இருக்கிறாள் என்றார். வேலை எப்படி என்று கேட்டேன், நல்லா இருக்கு என்றார். அதற்கு மேல் எனக்குக் கேட்க ஒன்றும் தெரியவில்லை. அத்தனை மாதமும் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். எல்லாமே நான் கேட்டதும் அவர் சொன்னதும்தான். ஆற்றுப் பக்கமிருந்து படகுக்காரர்களின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அக்கா என் கையைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார்.

"ஒங்க வீட்டுல யாரு யாருங்க மிஸ் இருக்காங்க?" என்று கேட்டார். அவர் என்னிடம் என்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

"நான் மட்டுந்தாங்க்கா."

உள்ளேயிருந்து யாரோ அவரைச் சிங்களத்தில் கூப்பிட்டார்கள். "இதோ வர்றேன்," என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் என்னோடு நின்றார்.