எலியின் கல்லீரலும் மணி மாமாவும்

பாகீரதி அக்கா போய்விட்டார் என்ற செய்தி, களமசேரி ஆய்வகத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய தம்பிதான் அழைத்தார். பாதி வழியில் இறங்கி மட்டாஞ்சேரிக்கே திரும்பினேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் ஆராய்ச்சியும் தெரிந்திருக்கும். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து, கொழுப்பு படிந்த கல்லீரலுக்கு உதவுமா என்பது. ஆய்வகத்தில் பல வருடம் அவருடன் வேலை செய்தேன். எலிகளில் நல்ல பலன் தெரிந்த சமயம், எங்கள் சமூக மண்டபத்தில் அக்கா பேசினார். அத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

எங்கள் சமூகத்து மணி மாமாவும் அன்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கல்லீரலில், எங்கள் பேச்சில் கரளில், கொழுப்பு. குடிக்காத மனிதர், ஆனால் ஊர் என்ன நினைக்குமோ என்று டாக்டரிடம் போகவே கூசினார். மாமிக்கு இதய வால்வு மாற்றியிருந்ததால் அந்த மாத்திரை வீட்டிலேயே இருந்தது. யாரிடமும் சொல்லாமல் விழுங்கத் தொடங்கினார். ஒரு நாள் இரத்த வாந்தி எடுத்தார்.

எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனோம். மாமி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னதைக் கேட்டுத்தானே, பாகீ, இவர் சாப்ட்டார்" என்றார். அதில் கோபம் இல்லை. அக்கா தலை குனிந்து நின்றார்.

வெளியே வந்ததும், "எலிக்குன்னுதானே அக்கா சொன்னேள்?" என்றேன்.

"எலின்னு ஒரு வாட்டி சொன்னேன். கரள் சரியாறதுன்னு எத்தனை வாட்டி சொன்னேன்? நீயும் கேட்டுண்டுதானே இருந்தே?"



மாமா பிழைத்துக்கொண்டார். அடுத்த விசேஷத்தில் மண்டபம் நிறைந்திருந்தபோது அக்கா எழுந்தார். "நான் அன்னிக்குப் பேசினது தப்பு. மனுஷாளுக்கு இது நல்லதா கெடுதலான்னு எங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல எனக்கு மனசு வரலை. நீங்க கைதட்டினது பிடிச்சிருந்தது."

மணி மாமாவே, "போட்டும் பாகீ, உட்காரு" என்றார். அக்கா உட்காரவில்லை. "வேற யாராவது அந்த மாத்திரை எடுக்கறேளா?" என்று கேட்டார். பிறகு பின்வரிசையில் ஒரு பெண்ணின் கை மெல்ல உயர்ந்தது. மறுநாள் அக்காவே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார்.

ஆராய்ச்சியை அவர் விடவில்லை. ஆனால் மண்டபத்து விருந்தில் அதன் பிறகு கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார். மாமி வந்து கூப்பிட்டும் முன்னால் வரவில்லை.

அக்காவின் காரியமெல்லாம் முடிந்த மறுநாள், மட்டாஞ்சேரியின் யூதத் தெருவான ஜூ டவுனில் மிளகு வாங்கும்போது கடைக்காரர் கேட்டார்: "சேச்சி, பாகீரதி டாக்டர் கண்டுபிடிச்ச அந்தக் கரள் மருந்து எப்ப வரும்?"

"எலிகளுக்கு நன்னாவே…" என்று ஆரம்பித்தேன். முகம் சுட்டது.

"மனுஷாளுக்கு ஆகுமான்னு இன்னும் அறியில்ல சேட்டா" என்றேன்.

அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தச் சூடுதான். அது ஆறாமல் இருக்கட்டும்.