பாவாடைப் பாக்கெட்டுக்கு ஒரு கைத்துப்பாக்கி

“யாருக்கு மேடம், சாருக்கா?” என்று கேட்டார் துப்பாக்கிக் கடைக்காரர்.

“எனக்குத்தான்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ரெக்சின் பை, குதிகால் வலிக்காகப் போடும் மெத்தைச் செருப்பு. பேரனுக்கு விளையாட்டுத் துப்பாக்கி வாங்க வந்தவள் கடை மாறி ஏறிவிட்டேன் என்று நினைத்திருப்பார். எனக்குப் பேரனும் இல்லை, பேரனைப் பெற்றுத் தரப் பிள்ளையும் இல்லை. அதையெல்லாம் அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்? “சின்னதா, கனமில்லாததா, பாக்கெட்டுல வெச்சா வெளியே தெரியாததா காட்டுங்க” என்றேன், ஜாக்கெட் பிட் கேட்பதுபோல.

“லைசென்ஸ் கீதா?”

“மனு போட்டிருக்கேன்.”

“அது கைக்கு வராம விக்க முடியாது மேடம். பாத்துட்டு வேணா போங்க. பாக்கறதுக்குக் காசு இல்ல” என்று சொல்லி ஸ்டூலை நகர்த்திப் போட்டார். மவுன்ட் ரோடு பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி அது. ஈயோட்டிக்கொண்டிருந்தார். நான் வந்ததில் அவருக்கும் பொழுது போயிற்று.

துப்பாக்கி ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். நான் ஆவடியில் ராணுவ உடுப்பு தைக்கும் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரரும் அங்கேயே ஸ்டோரில் இருந்தார். குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டே வெள்ளானூரில் ஒரு மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தோம். மேல்தளம் போட்டு முடித்த சமயத்தில் அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், கிரகப்பிரவேசத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். எனக்கு ஓய்வு வந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். நான் மட்டும் வெள்ளானூருக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கிக் காலி மனைகளுக்கு நடுவே நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். சீமைக் கருவேலத்துக்குள் ஓணான் ஓடினாலும் நெஞ்சு படபடக்கும். அடுத்த தெருவில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்தார்கள். இன்னொரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஒருத்தியின் தாலிக்கொடியை பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் கேமரா வையுங்கள், நாய் வளருங்கள் என்று பேப்பரில் போடுகிறான். நாய்க்கும் எனக்கும் ஆகாது.

துப்பாக்கி வாங்கும் வீட்டில் பிறந்தவளில்லை நான். ஆனால் வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கி பிடிக்கிறவர்களுக்குத் துணி தைத்தவள். எங்கள் ஃபேக்டரியில் ஒரு சட்டையை ஒரே ஆள் தைப்பதில்லை. காலர் வைப்பவர் காலர் மட்டும்தான், பட்டன் வைப்பவர் பட்டன் மட்டும்தான். எனக்கு வாய்த்தது பாக்கெட். சர்வீஸ் முழுக்க நான் தைத்தது பாக்கெட்டுகள்தான். அதில் எவன் பீடி வைத்தான், எவன் பெண்டாட்டி படம் வைத்தான் என்று எனக்குத் தெரியாது. பாக்கெட் கிழிந்தது என்று மட்டும் ஒருவனும் சொல்லியிருக்க மாட்டான்.

அந்தத் திமிர்தான் எனக்குத் துணிச்சல் கொடுத்தது. பெண்கள் உடுப்பில் பாக்கெட் வைக்காமல் விட்டவன் யாரோ, உரிமம் கிடைத்ததும் முதலில் அவனைத்தான் தேட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, உள்பாவாடையின் வலது பக்கம் கெட்டியான டிரில் துணியில் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்தேன். புடவை மடிப்புக்குள் கை விட்டால் நேரே அதில் போய் விழும். எனக்கென்று நான் தைத்துக்கொண்ட முதல் பாக்கெட் அது. கடைக்குப் போனபோது அந்தப் பாவாடையைப் பையில் மடித்து எடுத்துப் போயிருந்தேன். மேஜைமேல் அதை விரித்ததும் கடைக்காரர் திருதிருவென்று விழித்தார்.

“இன்னா மேடம் இது?”

“இதுக்குள்ள அடங்கணும்.”

வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் மனுஷன் மரியாதையாக வேலையில் இறங்கினார். நம்மைப்போன்ற ஜனங்களுக்குக் குழல் அளவு முப்பத்திரண்டு போர்தானாம், அதற்குமேல் பெரிதாகக் கேட்டாலும் கிடைக்காதாம். முதலில் ஒரு ரிவால்வரைக் கொடுத்தார். அதன் நடுவயிறு பெருத்திருந்தது. பாக்கெட்டில் போட்டால் இடுப்பில் கட்டி வந்ததுபோலப் புடைத்தது. அடுத்தது முழு இரும்பில் ஒரு பிஸ்டல். அதைப் போட்டால் பாவாடை நாடாவே அவிழ்ந்துவிடும். மூன்றாவதாக உள்ளேயிருந்து ஒன்றை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வந்தார். தட்டையானது, என் உள்ளங்கையை மீறாதது, பாதி உடம்பு அலுமினியக் கலவை. பாக்கெட்டுக்குள் விட்டேன். மடிப்பு கலையவில்லை, வெளியே ஒரு கோடு தெரியவில்லை.

“இதான்” என்றேன்.

“அவசரப்படாதீங்க. எடை கொறஞ்சா உதை ஜாஸ்தி. சுட்டா மணிக்கட்டு எகிறும். மேல்பாகத்த இழுத்துப் பாருங்க மொதல்ல.”

இழுத்தேன். அசையவில்லை. கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த கட்டைவிரல் என்னுடையது. எனக்குக் கோபம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்தேன். அரைவாசி வந்து நின்றது. “அதுக்குன்னு அழுவாதீங்கம்மா” என்றார் அவர். நான் அழவில்லை. கண்ணில் தண்ணீர் வந்திருக்கலாம். அவர் கீழே டீக்கடைக்குக் குரல் கொடுத்து டீ வரவழைத்தார். வேறு வேறு வகையை எடுத்து வைத்து, எது எங்கே செய்தது, எது அடிக்கடி மக்கர் பண்ணும், வெளியே எடுத்துக் காட்டினால் என்ன கேஸ் வரும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு இரண்டு முறை அதே கடைக்குப் போனேன். பிஸ்டல் முதல் நாளே முடிவாகிவிட்டது. பஸ் ஏறிப் போனது பேச்சுக்குத்தான். அந்த மாதங்களில் கடைக்காரரிடம் பேசிய அளவு நான் வேறு யாரிடமும் பேசவில்லை.

கடைசி முறை கிளம்பும்போது ஒரு யோசனை சொன்னார். “இதே எடைக்கு எதுனா ஒண்ண பாக்கெட்ல போட்டுகினு ஒரு வாரம் நடங்க. ஒடம்புக்கு ஒத்து வருதான்னு தெரிஞ்சிடும்.” காய்கறி வண்டிக்காரரிடம் கெஞ்சி அரைக் கிலோ எடைக்கல் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். பால் வாங்க, ரேஷனுக்கு, ஆவடி மார்க்கெட்டுக்கு எல்லாம் அதோடுதான் போனேன். தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. வெறும் கல்தான், ஆனாலும் பயம் பாதியாகக் குறைந்தது. கூட ஒரு ஆள் நடந்து வருவதுபோல இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

உரிமம் கிடைப்பது குதிரைக் கொம்பு என்று எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் சான்று, பயிற்சிச் சான்று என்று அலைந்து முடித்தேன். கடைசியாக போலீஸ் விசாரணை. அக்கம்பக்கத்தில் கேட்டு, இந்தப் பெண்மணி எப்படிப்பட்டவர், வீட்டில் யார் யார் என்று எழுதி மேலே அனுப்புவார்கள். அதில் எனக்கென்ன பயம் என்று இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏட்டு ஒருவர் வந்தார். சென்னைப் பாடியில் பிறந்து வளர்ந்தவர், பேச்சிலேயே தெரிந்தது. என்னிடம் வருவதற்கு முன்பே தெருவில் விசாரித்துவிட்டார் போலிருக்கிறது. வரும்போதே முகம் கடுகடுவென்றிருந்தது.

“இன்னாம்மா இது? மனுல வூட்டுக்காரர் காலமாயிட்டாருன்னு எழுதிக்கீறீங்க. தெருவுல கேட்டா, சார் உள்ளதான் கீறாரு, ஒடம்பு முடியாதவரு, வெளிய வரமாட்டாருன்றாங்க. ரெண்டுல எது பொய்யி?”

பொய் என்னுடையதுதான். தனியாக இருக்கிற பெண்கள் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன். வாசலில் அவருடைய செருப்பைப் போட்டு வைத்தேன். ஒரே இடத்தில் கிடந்தால் சந்தேகம் வருமென்று தினமும் இடம் மாற்றி வைத்தேன். கொடியில் அவர் சட்டை ஒன்று எப்போதும் தொங்கும். அழுக்கே ஆகாத சட்டையை வாராவாரம் துவைத்தேன். கூரியர்க்காரன் வந்தால் உள்ளே திரும்பி, “நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்” என்று குரல் கொடுப்பேன். போகப் போக, வாசலில் யாரும் இல்லாதபோதும் குரல் கொடுக்க ஆரம்பித்தேன். திருடனை ஏமாற்றக் கிளம்பியவள் தெருவையே ஏமாற்றியிருக்கிறேன்.

இதை நான் ஏட்டிடம் சொல்லச் சொல்ல, அவர் நம்பாமல் எதிர்வீட்டைப் பார்த்துக் கை தட்டினார். அங்கே இருப்பது கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் இளம் தம்பதி, மதுரைப் பக்கத்தவர்கள். அந்தப் பெண்ணும் நானும் தலையாட்டிக்கொள்வதோடு சரி. அவள் கேட் வரைக்கும் வந்தாள்.

“நீங்கதானம்மா சொன்னீங்க, சாரப் பாத்தேன்னு?”

“ஆமா சார். நேத்துக் காலைல கூடப் பாத்தேனே. மாடியில, தண்ணி டேங்க் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தாரு அங்கிள்.”

அவள் பொய் சொல்கிற முகமாக இல்லை. ஏட்டு செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனார். அறை அறையாகப் பார்த்தார், மாடிக்கும் ஏறிப் பார்த்தார். கட்டிலில் ஒரு பக்கம் முழுக்க நான் மடித்துவைத்த துணி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

“நான் ரிப்போர்ட்ல ஒண்ணுதான் எழுத முடியும். அவரு கீறாருன்னா உங்களுக்குத் துப்பாக்கி எதுக்குன்னு கேப்பாங்க. இல்லன்னா, இல்லன்னு நீங்க வாயால சொல்லணும். தனியாதான் கீறீங்களா?”

எதிர்வீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் கேன் போடுகிறவர் வண்டியை நிறுத்தியிருந்தார். பக்கத்து மாடியில் இரண்டு தலைகள் தெரிந்தன. மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு மெதுவாகப் பேச வராது, மிஷின் சத்தத்திலேயே காலம் போனவள்.

“தனியாத்தான் இருக்கேன். அவர் செத்துப்போயிட்டார். இந்த வீட்டுல அவர் ஒரு ராத்திரி கூடப் படுத்ததில்ல” என்று கத்தினேன்.

ஏட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார். திருடனுக்குத் தெரியக் கூடாது என்று நான் பொத்திப் பொத்தி வைத்ததை, துப்பாக்கி வாங்கப் போய் நானே தமுக்கடித்துச் சொல்லியாயிற்று. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். உரிமம் வந்ததா என்று கேட்பீர்கள். பரிசீலனையில் இருக்கிறதாம், இன்றைக்கும்.

அன்று முழுக்க எனக்கு வேறொன்று மனதை அறுத்துக்கொண்டிருந்தது. ஐந்து மணி வாக்கில் தெருவைத் தாண்டிப்போய் எதிர்வீட்டு மணியை அடித்தேன். வெள்ளானூருக்கு வந்ததிலிருந்து நான் அடித்த முதல் அழைப்பு மணி அது. கதவைத் திறந்த பெண் என்னைப் பார்த்ததும் பதறினாள்.

“சாரி ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. சத்தியமா யாரோ நின்ன மாதிரிதான் இருந்துச்சு. நாந்தான் அங்கிள்னு...”

“அது இருக்கட்டும்மா. நான் சண்டைக்கு வரல” என்றேன். போகும்போது என் வீட்டுக்காரர் எலும்பும் தோலுமாகத்தான் போனார். நாலு பேர் தூக்க வேண்டிய பாடை ரெண்டு பேருக்கே கனமில்லை. “எப்படி இருந்தார்? ரொம்ப இளைச்சிருந்தாரா?”

அவள் கதவுப் பிடியை விட்டுவிட்டு, “இல்ல ஆன்ட்டி. நல்லாத்தான் இருந்தாரு” என்றாள். பொய்யா மெய்யா என்று நான் ஆராயவில்லை.

“அதே வீட்டுக்குள்ளதான் நானும் இருக்கேன். என் கண்ணுக்கு ஒரு நாளும் தெரியலையேம்மா” என்றேன்.